இரண்டு முறை பிறந்த பட்டாளம்

மெட்ராஸ் ரெஜிமென்ட் என்றதும் 1758 என்பார்கள். இந்தியத் தரைப்படையின் காலாட்படை ரெஜிமென்ட்டுகளில் மூத்தது அதுதான் என்பது ராணுவத்தில் எல்லாருக்கும் தெரிந்த விஷயம். குன்னூரை அடுத்த வெலிங்டனில் இருக்கும் அதன் பயிற்சி மையத்துக்குப் போனவர்கள் அந்த ஆண்டைக் கேட்காமல் திரும்பியிருக்க முடியாது. ஆண்டில் தப்பில்லை. ஆனால் 1758-இல் பிறந்த பட்டாளத்துக்கும், இன்று வெலிங்டன் மைதானத்தில் அணிவகுக்கும் பட்டாளத்துக்கும் நடுவில் ஒரு சாவு இருக்கிறது. 1928 முதல் 1941 வரை மெட்ராஸ் பெயரில் முழுநேரக் காலாட்படைப் பட்டாளம் ஒன்றுகூட இந்தியாவில் கிடையாது. இருந்தவை எல்லாம் கலைக்கப்பட்டுவிட்டன. கலைக்கப்படாமல் தப்பியவை வேறு பெயரில், வேறு ஊர் ஆட்களோடு இருந்தன. இதைச் சொல்லாமல் பிறந்த கதையை மட்டும் சொன்னால் அது பாதிக் கதை.

கதையை வெள்ளைக்காரனிடமிருந்து தொடங்குவதென்றால் இங்கிலீஷ்காரனை விட்டுவிட்டுப் பிரெஞ்சுக்காரனைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

1746 செப்டம்பரில் லா பூர்தொனே கப்பல்களோடு வந்து சென்னைப் புனித ஜார்ஜ் கோட்டையைப் பிடித்துவிட்டான். கோட்டையைத் தன்னிடம் ஒப்படைப்பார்கள் என்று எதிர்பார்த்து ஏமாந்த ஆற்காட்டு நவாபு அன்வருதீன், மகன் மஃபூஸ் கானைப் பெரும் படையோடு அனுப்பினார். சுமார் பத்தாயிரம் பேர், குதிரைகளும் பீரங்கிகளும் சேர்த்து. அக்டோபரில் அடையாறு கடலில் சேரும் இடத்தில், சாந்தோமுக்குத் தெற்கே, அந்தப் படை ஆற்றங்கரையில் நின்றது. எதிரே புதுச்சேரியிலிருந்து பாராதி என்ற அதிகாரியின் தலைமையில் வந்தவர்கள் ஏறத்தாழ ஆயிரம் பேர். அதில் பிரெஞ்சுக்காரர்கள் முந்நூறு சொச்சம்தான். மிச்சம் பேர் பிரெஞ்சுக்காரர்கள் பயிற்சி கொடுத்திருந்த நம் ஊர் சிப்பாய்கள். இடுப்பளவு தண்ணீரில் ஆற்றைக் கடந்து, வரிசையாக நின்று ஒரே நேரத்தில் சுட்டு, துப்பாக்கி முனையில் கத்தியைச் செருகிக்கொண்டு ஏறினார்கள். நவாபு படை சிதறி ஓடியது.

அன்று தோற்றது நவாபு மட்டுமல்ல, ஒரு போர்முறையே தோற்றது. அந்தக் காலத்துத் துப்பாக்கி நூறு கெஜத்துக்கு அப்பால் குறி தவறும். தேர்ந்த கையால்கூட நிமிடத்துக்கு மூன்று முறைதான் சுட முடியும். தோட்டாத் தாளைப் பல்லால் கிழித்து, கொஞ்சம் மருந்தைக் கிண்ணியில் இட்டு, மீதியைக் குழலில் கொட்டி, ஈயக் குண்டைப் போட்டு, கம்பியால் இடித்து, கல்லைச் சொடுக்கினால்தான் வெடிக்கும். ஒருவனாக நின்று சுட்டால் அந்த ஆயுதத்துக்கு மதிப்பில்லை. நூறு பேர் தோளோடு தோள் நின்று, ஒரு வரிசை சுடும்போது மறு வரிசை மருந்து இடித்துக்கொண்டிருந்தால், குதிரைப்படையே அண்ட முடியாது. இதில் வீரத்தைவிடப் பழக்கம்தான் பெரிது. அந்தப் பழக்கம் தோலின் நிறம் பார்த்து வருவதில்லை என்பதை அடையாற்றுக் கரையில் எல்லாரும் கண்ணால் பார்த்துவிட்டார்கள்.

இங்கிலீஷ்காரர்கள் பார்த்தார்களா? அவர்கள் அப்போது கடலூரில் ஒளிந்துகொண்டிருந்தார்கள். கெடிலம் ஆற்றின் முகத்துவாரத்தில், தேவனாம்பட்டினத்தில், புனித டேவிட் கோட்டை. சென்னையிலிருந்து மாறுவேடத்தில் தப்பி அங்கே வந்து சேர்ந்தவர்களில் ராபர்ட் கிளைவ் என்ற இருபத்தோரு வயது குமாஸ்தாவும் ஒருவர். கிழக்கிந்தியக் கும்பினியிடம் அப்போது இருந்த நம் ஊர் ஆட்கள் கிடங்குக் காவலுக்கும் சுங்கச் சாவடிக்கும் நின்ற பியூன்கள். வேல், வாள், திரித் துப்பாக்கி என்று அவரவர் கொண்டுவந்ததே ஆயுதம். அவரவர் தலைவன் சொல்வதே உத்தரவு. 1748 தொடக்கத்தில் அந்தக் கோட்டைக்கு வந்து சேர்ந்த மேஜர் ஸ்டிரிஞ்சர் லாரன்ஸ் இந்தப் பியூன்களைக் கம்பெனி கம்பெனியாகப் பிரித்து, பிரெஞ்சுக்காரர்களைப் பார்த்துப் பயிற்சி கொடுக்கத் தொடங்கினார். இந்திய ராணுவத்தின் தந்தை என்று இங்கிலீஷ்காரர்கள் அவரைக் கொண்டாடுவது இதற்காகத்தான். காப்பியடித்தது என்னவோ புதுச்சேரியைப் பார்த்து.

1751 ஆகஸ்டில் கிளைவ் ஆற்காட்டைப் பிடிக்கப் போனபோது அழைத்துப் போனது இருநூறு ஐரோப்பியர், முந்நூறு சிப்பாய்கள். பிடித்த கோட்டைக்குள்ளேயே ஐம்பது நாள் முற்றுகையில் மாட்டிக்கொண்டார். கடைசியில் சண்டை போடும் நிலையில் இருந்தது ஐரோப்பியர் எண்பது பேர், சிப்பாய்கள் நூற்றிருபது பேர். அரிசி தீரும் நேரத்தில் சிப்பாய்கள் முன்வந்து, சோற்றை வெள்ளைக்காரர்களுக்குக் கொடுங்கள், வடித்த கஞ்சி எங்களுக்குப் போதும் என்று சொன்னதாக மெக்காலே எழுதி உலகப் புகழாக்கிவிட்டார். நடந்திருக்கலாம். கஞ்சியில்தான் சத்து என்று தெரிந்த ஆட்கள் நம்மவர்கள். எப்படியோ, சிப்பாயைப் பற்றி எஜமானர்கள் எதை நம்ப ஆசைப்பட்டார்கள் என்பதை அந்தக் கதை நன்றாகக் காட்டுகிறது.

அந்தச் சிப்பாய்களில் தலையெடுத்தவர் யூசுப் கான். ராமநாதபுரத்துப் பனையூர்க்காரர், மருதநாயகம் என்றால்தான் நமக்குத் தெரியும். திருச்சிச் சண்டைகளில் லாரன்ஸின் கண்ணும் காதுமாக இருந்து, 1754-இல் கும்பினிச் சிப்பாய்கள் அத்தனை பேருக்கும் கமாண்டன்ட் ஆனார். ஓர் இந்தியர் அந்த இடத்துக்கு வந்தது அதுதான் முதல் தடவை. கும்பினி இருந்தவரை அதுவே கடைசி என்றும் சொல்லலாம். பிற்காலத்தில் சிப்பாயாகச் சேர்ந்தவன் தலை நரைக்கும்வரை உழைத்தால் சுபேதார், மிஞ்சினால் சுபேதார் மேஜர். நேற்று லண்டனிலிருந்து இறங்கிய பதினெட்டு வயதுப் பையனுக்கு அந்த சுபேதார் சலாம் போட வேண்டும்.

இனி 1758. பிரெஞ்சுத் தளபதி லாலி அந்த ஆண்டு ஜூனில் புனித டேவிட் கோட்டையைப் பிடித்துத் தரைமட்டமாக்கினார்; டிசம்பரில் சென்னைக்கு வந்து கோட்டையை வளைத்துக்கொண்டார். தனித்தனிக் கம்பெனிகளாகச் சிதறிக் கிடந்த சிப்பாய்களை வைத்து இந்த அளவு சண்டையைச் சமாளிக்க முடியாது என்று கவர்னர் சபைக்கு உறைத்தது. கம்பெனிகளைச் சேர்த்து, ஒரே கொடி, ஒரே சம்பளப் பட்டியல், ஒரே தலைமை என்று பட்டாளமாகக் கட்டினார்கள். அப்படி முதலில் கட்டிய பட்டாளங்கள்தான் இந்த 1758. சோழமண்டலக் கரைச் சிப்பாய்கள் என்று அவற்றுக்குப் பெயர். முற்றுகை 1759 பிப்ரவரியில் இங்கிலீஷ்காரர்களின் கப்பல்கள் கண்ணில் பட்டதும் கலைந்தது. அதுவரை வெளியே செங்கல்பட்டுப் பக்கமிருந்து லாலியின் மாட்டு வண்டிகளையும் தீவனத்தையும் மறித்து அவரைத் தூங்கவிடாமல் செய்தவர் யூசுப் கான்.

ஐந்து ஆண்டுகள் கழித்து, மதுரையில் தானே ஆள முனைந்த அந்த யூசுப் கானைக் கும்பினியும் நவாபும் சேர்ந்து முற்றுகையிட்டுப் பிடித்து, 1764 அக்டோபர் 15 அன்று தூக்கில் போட்டார்கள். மதுரைக் கோட்டையைச் சுற்றி நின்ற படையில் கும்பினியின் சிப்பாய்ப் பட்டாளங்களும் இருந்தன. தமிழ் நாட்டில் அவருக்குக் கதைப்பாடல் உண்டு, சம்மட்டிபுரத்தில் அடக்கத்தலம் உண்டு. ரெஜிமென்ட் பெருமை பேசும் மேடைகளில்தான் அவரைப் பற்றி அதிகம் பேச்சில்லை. தூக்கில் போட்டவரை முன்னோர் வரிசையில் எங்கே உட்கார வைப்பது என்ற சங்கடம் போலிருக்கிறது.

1758-க்குப் பிறகு பட்டாளங்கள் மளமளவென்று பெருகின. 1759-இல் கரைச் சிப்பாய்களின் மூன்றாம் பட்டாளம். 1761-இல் திருச்சியில் எட்டாம் பட்டாளம். இந்த இரண்டையும் கொஞ்சம் ஞாபகத்தில் வையுங்கள், பின்னால் வருகின்றன.

இந்தப் படையில் யார் யார் சேர்ந்தார்கள்? வங்காளப் படை மாதிரி உயர்சாதி ஆட்களாகப் பொறுக்கி எடுத்த படையல்ல இது. முஸ்லிம்கள், தெலுங்கர்கள், தமிழில் பல சாதியினர், பறையர், கிறிஸ்தவர் எல்லாரும் ஒரே லைனில் இருந்தார்கள். ஒரு வினோதமான வழக்கம், சிப்பாயோடு குடும்பமும் நகரும். பட்டாளத்தை ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்கு மாற்றினால் பின்னாலேயே மாட்டு வண்டிகளில் பெண்டு பிள்ளைகளும் பாத்திரம் பண்டமும் வரும். சிப்பாயின் பிள்ளைகளைச் சிறுவயதிலேயே பட்டாளப் பட்டியலில் எழுதி, பாதிச் சம்பளம் மாதிரி ஒரு தொகை கொடுத்து வளர்ப்பார்கள். வயது வந்ததும் அவனும் துப்பாக்கி தூக்குவான். அப்பா, மகன், பேரன் என்று ஒரே பட்டாளத்தில் மூன்று தலைமுறை என்பது சர்வசாதாரணம். வேலூர், பாளையங்கோட்டை, வாலாஜாபாத் போன்ற ஊர்களில் லைன் தெருக்களில் பிறந்து, லைன் தெருக்களிலேயே பென்ஷன் வாங்கிச் செத்துப்போன குடும்பங்கள் எத்தனையோ.

கடல் தாண்டுவதற்கும் இவர்கள் பெரிதாகத் தயங்கவில்லை. 1762-லேயே சுமார் அறுநூறு சென்னைச் சிப்பாய்கள் மணிலாவைப் பிடிக்கப் போன படையில் இருந்தார்கள். அதில் திரும்பி வராமல் பிலிப்பைன்ஸில் கைன்டா என்ற ஊரில் தங்கிவிட்டவர்களின் வழிவந்தவர்கள் இன்றும் அங்கே உண்டு. மொரிஷியஸ், ஜாவா, பர்மா என்று கும்பினி போன இடமெல்லாம் இவர்களும் போனார்கள்.

சீனாவில் நடந்த ஒன்றை மட்டும் நின்று சொல்ல வேண்டும். 1841 மே மாதம், கான்டன் நகருக்கு வெளியே சான்யுவான்லி என்ற கிராமத்துப் பக்கம். கும்பினிப் படையின் அட்டகாசத்தால் கொதித்துப்போன ஊர்க்காரர்கள் ஆயிரக்கணக்கில் ஈட்டியும் கத்தியுமாகத் திரண்டுவிட்டார்கள். படை பின்வாங்கும்போது வானம் பொத்துக்கொண்டு ஊற்றியது. 37-ஆம் மெட்ராஸ் காலாட்படையின் ஒரு கம்பெனி, சுமார் அறுபது பேர், வயல்வெளியில் வழி தவறித் தனியாக மாட்டிக்கொண்டது. வரப்பு எது, சேறு எது என்று தெரியாத மழை. கல் துப்பாக்கியின் கிண்ணியில் இருந்த மருந்து நனைந்து களியாகிவிட்டது, ஒன்றும் வெடிக்கவில்லை. ஈட்டி வைத்திருப்பவனுக்கும் துப்பாக்கி வைத்திருப்பவனுக்கும் வித்தியாசமே இல்லாமல் போய்விட்டது. அந்த அறுபது பேரும் நாற்புறமும் முகம் காட்டும் சதுரமாக நின்று, முனைக்கத்தியை மட்டும் நம்பி, மணிக்கணக்கில் ஊன்றி நின்றார்கள். தேடி வந்த கடற்படைத் துருப்புகளிடம் ஈரத்திலும் வெடிக்கும் புதுவகைத் துப்பாக்கி இருந்தது; அவர்கள்தான் மீட்டார்கள். கம்பெனியில் ஒருவர் இறந்தார், பதினைந்து பேர் அளவில் காயம். அந்த ரெஜிமென்ட்டுக்கு கிரனேடியர் என்ற பட்டம் கிடைத்தது. வீரம் என்று யாரும் மறுக்கவில்லை. ஆனால் அந்த வயல் அந்தக் கிராமத்தானுடையது, நம் ஆட்களுக்கு அங்கே என்ன வேலை என்ற கேள்வியும் கூடவே நிற்கிறது. சீனாவின் பள்ளிப் பாடங்களில் சான்யுவான்லி மக்கள்தான் வீரர்கள்.

ரெஜிமென்ட்டின் சின்னத்துக்கும் இப்படி ஒரு பின்கதை உண்டு. கேடயத்தின் மேல் யானை, குறுக்கே இரண்டு வாள்கள். அது அசாயே யானை. 1803 செப்டம்பர் 23 அன்று இன்றைய மகாராஷ்டிரத்தில் அசாயே கிராமத்தருகே ஆர்தர் வெல்லெஸ்லி, தன்னைவிடப் பலமடங்கு பெரிய சிந்தியா, போன்ஸ்லே படைகளைத் தோற்கடித்தார். அவர் பக்கம் நின்ற காலாட்களில் பெரும்பகுதி சென்னைச் சிப்பாய்கள். பிற்காலத்தில் வெலிங்டன் பிரபு ஆகி நெப்போலியனை வென்றவர் அவர்தான். நீலகிரியில் ஜக்கதல்லா என்றிருந்த இடம் பிறகு அவர் பெயரைத் தாங்கியது. அங்கேயே அந்த யானையும் வந்து சேர்ந்தது தற்செயல்தான், ஆனாலும் பொருத்தம்.

அசாயேக்கு மூன்றே ஆண்டுகளில் வேலூர். பிரதான தளபதி சர் ஜான் கிரடாக்கின் அலுவலகத்திலிருந்து வந்த புது விதிகள்: நெற்றியில் திருநீறு, நாமம் கூடாது, காதில் கடுக்கன் கூடாது, தாடி கூடாது, மீசை ஒரே அளவில், தலையில் தோல் குஞ்சம் வைத்த புதுத் தலைப்பாகை. அந்தத் தலைப்பாகை தொப்பி மாதிரி இருந்தது. தொப்பி போட்டால் அடுத்தது கிறிஸ்தவ வேதத்தில் சேர்க்கத்தான் என்று கடைத்தெருவில் பேச்சு. மறுத்தவர்களுக்குச் சவுக்கடி, சிலருக்கு வேலையும் போயிற்று. 1806 ஜூலை 10 விடிவதற்கு முன் வேலூர்க் கோட்டையில் சிப்பாய்கள் எழுந்தார்கள். தூங்கிக்கொண்டிருந்த 69-ஆம் ரெஜிமென்ட் வெள்ளைக்காரர்களில் நூறு பேருக்கு மேல் செத்தார்கள். கோட்டைக்குள் திப்பு வீட்டாரின் கொடி ஏறியது. காலையில் ஆற்காட்டிலிருந்து குதிரையில் பறந்து வந்த கர்னல் கில்லஸ்பி, பீரங்கியால் கதவைப் பிளந்து உள்ளே புகுந்த பிறகு நடந்தது பழிவாங்கல். சரணடைந்தவர்களையும் சுவரோரம் நிறுத்திச் சுட்டார்கள். நூற்றுக்கணக்கில் பிணம். கலகம் செய்த மூன்று பட்டாளங்களின் எண்களும் படைப்பட்டியலிலிருந்து அடிக்கப்பட்டன. கிரடாக்கையும் கவர்னர் பென்டிங்க்கையும் லண்டன் திருப்பி அழைத்துக்கொண்டது, தலைப்பாகையும் போயிற்று.

1857-இல் வங்காளப் படை பற்றி எரிந்தபோது சென்னைப் படை அசையவில்லை. அப்போது அதில் 52 காலாட்படை ரெஜிமென்ட்டுகள். அசையாமல் நின்றதற்குக் கிடைத்த கூலி என்ன என்று கேட்டால், அரை நூற்றாண்டு கழித்து அந்த 52-இல் சென்னைப் பெயரும் சென்னை ஆட்களும் தாங்கி நின்றவற்றை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

இதைச் செய்தவர் என்று ஒருவரைக் காட்ட வேண்டுமென்றால் லார்டு ராபர்ட்ஸ். 1881 முதல் 1885 வரை சென்னைப் படைக்குத் தளபதி. பிறகு இந்தியா முழுமைக்கும். கோடையில் ஊட்டியில் இருந்துகொண்டு இந்தச் சிப்பாய்களை நோட்டம் விட்டவர், நீண்ட அமைதியில் இவர்கள் போர்க்குணத்தை இழந்துவிட்டார்கள், வடமேற்கு எல்லையில் ரஷ்யாவை எதிர்க்க உதவமாட்டார்கள் என்று முடிவு கட்டினார். 1897-இல் வந்த தன் சுயசரிதையிலும் அதை எழுதிவைத்தார். போர்க்குலம் என்ற சித்தாந்தம் இப்படித்தான் அரசாங்கக் கொள்கை ஆனது. சீக்கியன், பட்டான், கூர்க்கா, ராஜபுத்திரன் பிறவி வீரர்கள். தெற்கத்தியான் வெயிலில் நைந்தவன்.

எப்படிச் செய்தார்கள் என்பதுதான் சுவாரசியம். பட்டாளத்தைக் கலைத்தால் வெளியே தெரியும். அதனால் எண்ணையும் கொடியையும் அப்படியே வைத்துக்கொண்டு, உள்ளே இருந்த ஆட்களை மட்டும் மாற்றினார்கள். பழைய மெட்ராஸ் பட்டாளத்தில் இருந்த தமிழரும் தெலுங்கரும் வெளியே. சீக்கியரும் பஞ்சாபி முஸ்லிம்களும் உள்ளே. பல பட்டாளங்களை முதலில் பர்மாவுக்கு அனுப்பி, அங்கே இந்த மாற்றத்தை முடித்தார்கள். 1903-இல் பிரதான தளபதி கிச்சனர் இந்தியப் படைகளுக்கெல்லாம் வரிசையாக எண் போட்டபோது சென்னைப் பட்டாளங்களின் பழைய எண்ணோடு அறுபதைக் கூட்டினார். ஆகவே 62, 66, 67, 69, 72 என்ற எண்களில் பஞ்சாபிகள் என்று எழுதியிருந்தால், அறுபதைக் கழித்துப் பார்க்க வேண்டும். பழைய சென்னைப் பட்டாளம் கிடைக்கும்.

நினைவில் வைக்கச் சொன்ன இரண்டுக்கு வருகிறேன். 1759-இன் மூன்றாம் பட்டாளம் 2-ஆம் மெட்ராஸ் ஆகி, அசாயேயில் நின்று யானையைப் பெற்று, 62-ஆம் பஞ்சாபிகள் ஆகி, 1922-இல் முதலாம் பஞ்சாப் ரெஜிமென்ட்டின் முதல் பட்டாளமாகி, 1947-இல் பிரிவினையின்போது பாகிஸ்தானுக்குப் போயிற்று. பாகிஸ்தான் ராணுவத்தின் மூத்த காலாட்படைப் பட்டாளம் அது. 1761-இல் திருச்சியில் திரட்டிய எட்டாம் பட்டாளம் 67-ஆம் பஞ்சாபிகள் ஆகி, இரண்டாம் பஞ்சாப் ரெஜிமென்ட்டின் முதல் பட்டாளமாகி, இந்தியப் பங்கில் வந்து, இன்று முதலாம் பாரா சிறப்புப் படையாக வானத்திலிருந்து குதிக்கிறது. இதே வரிசையில் அசாயேயில் நின்ற 10-ஆம் மெட்ராஸின் எண்ணை பர்மாவில் கூர்க்காக்களுக்குக் கொடுத்தார்கள். அது 10-ஆம் கூர்க்கா ரைஃபிள்ஸ் ஆகி 1947-க்குப் பிறகு பிரிட்டிஷ் ராணுவத்தில் சேர்ந்தது. ஒரே மாகாணத்தில் பிறந்த பட்டாளங்களின் சந்ததி மூன்று நாட்டு ராணுவங்களில் இருக்கிறது. அந்தப் பட்டாளங்களில் தமிழ் பேசும் ஆள் ஒருவரும் இல்லாமல் போன பிறகும் 1759, 1761 என்ற ஆண்டுகள் மட்டும் தொடர்கின்றன.

மிஞ்சியவற்றுக்கு கர்னாடிக் என்று பெயர். 73, 75, 79, 80, 86, 88. கூடவே 83-ஆம் வாலாஜாபாத் லைட் இன்ஃபன்ட்ரி, 63-ஆம் பாளையங்கோட்டை லைட் இன்ஃபன்ட்ரி. பின்னாளில் ஃபீல்டு மார்ஷல் ஆன கரியப்பா 1919-இல் முதலில் அதிகாரியாகச் சேர்ந்தது 88-ஆம் கர்னாடிக்கில்தான்.

பாளையங்கோட்டைக்காரர்களைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும், ஏனென்றால் அவர்களை வைத்துத்தான் ராபர்ட்ஸ் கட்சியினர் தங்கள் வாதத்தை நிரூபித்ததாக நினைத்தார்கள். 1914 நவம்பரில் ஜெர்மானியக் கிழக்கு ஆப்பிரிக்காவின் டாங்கா துறைமுகத்தில் இறக்கிவிடப்பட்ட இந்தியப் படையில் 63-ஆம் பட்டாளமும் இருந்தது. வாரக்கணக்கில் கப்பலில் அடைந்து கிடந்து, இறங்கியதும் இறங்காததுமாக, வேவு பார்க்காமல், புதர்க்காட்டுக்குள் தள்ளிவிட்டார்கள். எதிரே ஜெர்மானியத் தளபதி லெட்டோ-ஃபோர்பெக்கின் இயந்திரத் துப்பாக்கிகள். போதாக்குறைக்கு மரங்களிலிருந்த தேனீக்கூடுகள் கலைந்து இரண்டு பக்கத்தாரையும் கொட்டின. 63-ஆம் பட்டாளம் உடைந்து ஓடியது, அது உண்மை. முந்தின நாள் அதே இடத்தில் 13-ஆம் ராஜபுத்திரர்களும் உடைந்து பின்வாங்கினார்கள், அதுவும் உண்மை. ராஜபுத்திரர் ஓடியதற்குத் தளபதியின் திட்டம் காரணம். தெற்கத்தியான் ஓடியதற்கு அவன் ரத்தம் காரணம். ராணுவ அறிக்கைகளில் இந்தக் கணக்கு வெகுநாள் ஓடியது.

1922-இல் 73, 75, 79, 83, 86 ஆகிய ஐந்தையும் சேர்த்து மூன்றாம் மெட்ராஸ் ரெஜிமென்ட் என்று கட்டினார்கள். போருக்குப் பிறகு கஜானா வறண்டிருந்தது. செலவைக் குறைக்க வேண்டும் என்றார்கள். எங்கே வெட்டலாம் என்று யோசிக்கத் தேவையே இருக்கவில்லை. 1923-இல் தொடங்கி 1928-க்குள் ஐந்தும் கலைக்கப்பட்டன. மெட்ராஸ் சாப்பர்கள் மட்டும் பெங்களூரில் தப்பித்தார்கள். பாலம் கட்டத் தெரிந்தவனை எந்தச் சித்தாந்தமும் வேண்டாம் என்று சொல்லாது போலிருக்கிறது. காலாட்படையில் மிச்சம் இருந்தவை பகுதிநேரப் பிராந்தியப் பட்டாளங்கள் சில. வருஷத்தில் சில வாரம் கூடி அணிவகுத்துக் கலைபவர்கள்.

பதின்மூன்று ஆண்டுகள் இப்படிக் கழிந்தன. இரண்டாம் உலகப்போரில் பஞ்சாபில் ஆள் கிடைப்பது குறைந்தது. ஜப்பான் வேறு வருகிறான். 1941-இல் அந்தப் பிராந்தியப் பட்டாளங்களை அஸ்திவாரமாக வைத்து மூன்றாம் மெட்ராஸ் ரெஜிமென்ட்டைத் திரும்பக் கட்டினார்கள். 1942-இல் கோவைக்குப் பக்கத்தில் மதுக்கரையில் பயிற்சி மையம். 1947-இல் அது வெலிங்டனுக்கு ஏறியது. போர் முடிந்த கையோடு மூன்றாம் என்ற எண்ணும் உதிர்ந்து வெறும் மெட்ராஸ் ரெஜிமென்ட் ஆயிற்று. ரத்த வாரிசு என்று பார்த்தால் 1758-இன் சொத்து பஞ்சாபிலும் பாகிஸ்தானிலும் இருக்கிறது. 1941-இல் வந்த பிள்ளைக்குத் தாத்தாவின் பெயர், வீடு, யானை எல்லாம் தத்து மூலம் கிடைத்தவை. அதில் கேவலம் ஒன்றுமில்லை என்பது என் கட்சி. தமிழனும் மலையாளியும் தெலுங்கனும் கன்னடக்காரனும் இல்லாத ஒரு பட்டாளம் 1759-ஐச் சொந்தம் கொண்டாடலாம் என்றால், இவர்கள் இருக்கிற பட்டாளம் 1758-ஐக் கொண்டாடுவதில் என்ன குறை?

சுதந்திரத்துக்குப் பிறகு கணக்கு இன்னும் சிக்கலானது. 1954 வாக்கில் சமஸ்தானப் படைகள் இந்திய ராணுவத்தில் கரைந்தபோது திருவாங்கூர் நாயர் காலாட்படை 9-ஆம், 16-ஆம் மெட்ராஸ் ஆயிற்று. மைசூர் காலாட்படை 18-ஆம் மெட்ராஸ். இதில் 9-ஆம் மெட்ராஸ் தன் பிறப்பை 1704 என்கிறது. பத்மநாபபுரத்தில் திருவாங்கூர் ராஜாவுக்கு மெய்க்காவலாகத் தொடங்கிய படை அது. 1741-இல் குளச்சல் கடற்கரையில் மார்த்தாண்ட வர்மாவின் படை டச்சுக்காரர்களைத் தோற்கடித்தது. சிறைபிடிபட்ட டி லனாய் என்ற டச்சு ராணுவத்தான் அதே ராஜாவிடம் வேலைக்குச் சேர்ந்து, முப்பது ஆண்டுகளுக்கு மேல் திருவாங்கூர்ப் படைக்குப் பயிற்சி கொடுத்து, 1777-இல் இறந்து, உதயகிரிக் கோட்டைக்குள் அடங்கியிருக்கிறார். கல்லறையில் லத்தீனிலும் தமிழிலும் எழுத்து. ஆக ரெஜிமென்ட்டைவிட அதன் ஒரு பட்டாளத்துக்கு வயது 54 அதிகம். அடையாற்றங்கரைக்கு ஐந்து வருஷம் முன்னாலேயே ஐரோப்பியனைத் தோற்கடித்த படையும் இந்தக் குடும்பத்தில் வந்து சேர்ந்துவிட்டது.

ராபர்ட்ஸுக்குப் பதில் சொல்லும் வேலையை யாரும் திட்டமிட்டுச் செய்யவில்லை. 1948-இல் காஷ்மீரில் டித்வால் போனது 1-ஆம் மெட்ராஸ். 1965-இல் சியால்கோட் முனையில் மகாராஜ்கே கிராமத்தைப் பிடித்தது 4-ஆம் மெட்ராஸ், பழைய வாலாஜாபாத் பெயரைச் சுமக்கும் பட்டாளம். 1971 டிசம்பரில் பசந்தர் ஆற்றைக் கண்ணிவெடி வயல் வழியே கடந்து பூனா ஹார்ஸ் டாங்கிகளுக்கு இடம் பிடித்துக் கொடுத்தது 16-ஆம் மெட்ராஸ். 2016 பிப்ரவரியில் சியாச்சினில் 19-ஆம் மெட்ராஸின் பத்துப் பேர் பனிச்சரிவில் புதைந்தார்கள். ஆறு நாள் கழித்து லான்ஸ் நாயக் ஹனுமந்தப்பா கொப்பட் உயிரோடு எடுக்கப்பட்டு, டெல்லி ஆஸ்பத்திரியில் பிப்ரவரி 11 அன்று இறந்தார். அவர் தார்வாட்காரர்; அந்தப் பத்துப் பேரில் தமிழ்நாட்டுப் பையன்களும் இருந்தார்கள். வெயிலில் நைந்த தெற்கத்தியான் என்று சொன்னவர்கள் பத்தொன்பதாயிரம் அடிப் பனியைக் கற்பனைகூடச் செய்திருக்கமாட்டார்கள்.

வெலிங்டன் ஸ்ரீநாகேஷ் பாரக்ஸில் பயிற்சி முடிக்கும் பையன்கள் தேசியக் கொடி முன்னால் கீதை, பைபிள், குர்ஆன் என்று அவரவர் நூலின் மேல் கை வைத்து, உப்பை வாயிலிட்டு உறுதிமொழி எடுக்கிறார்கள். பார்க்க வந்த அம்மா அப்பாக்கள் நாற்காலியில் உட்கார்ந்து, ஒரே மாதிரி மொட்டையடித்த தலைகளுக்குள் தங்கள் பிள்ளையைத் தேடிக்கொண்டிருப்பார்கள். குறிக்கோள் வாசகம் சமஸ்கிருதத்தில், கீதையிலிருந்து: தன் கடமையில் சாவது மேல் என்று பொருள். சண்டைக்குப் போகும்போது அது வாயில் வராது. வருவது வேறு: வீர மதராசி, அடி கொல்லு, அடி கொல்லு! குண்டூர்க்காரனும் பாலக்காட்டுக்காரனும் தார்வாட்காரனும் சேர்ந்து கத்துவது அதைத்தான். ராணுவம் முழுக்க இவர்களுக்குத் தம்பி என்று பெயர். வடக்கத்தி அதிகாரி ஒருவர் இந்த ரெஜிமென்ட்டில் சேர்ந்தால் அவருக்கும் அந்தப் பெயர் ஒட்டிக்கொள்ளும். நாலு வருஷத்தில் சாம்பாரும் ஒட்டிக்கொள்ளும்.

டித்வாலில் சண்டை போட்ட அந்த 1-ஆம் மெட்ராஸைத் தேடி வெலிங்டனுக்குப் போனால் கிடைக்காது. 1979-இல் இயந்திரமயக் காலாட்படை ரெஜிமென்ட் என்று புதிதாக ஒன்றைத் தொடங்கியபோது அதன் முதல் பட்டாளமாக இதை எடுத்துக்கொண்டார்கள். கவச வண்டிகளில் போகிறார்கள். பிறந்த ஆண்டு 1776-ஐயும் கூடவே எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். நாட்டின் மூத்த காலாட்படை ரெஜிமென்ட்டில் பட்டாளங்களின் எண் இன்று இரண்டிலிருந்துதான் தொடங்குகிறது.